நூற்றாண்டு வெள்ளம்: ஒரு தொடரும் ஒரு மலைநாடும்

வெள்ளம் என்னும் சொல் தமிழில் நீர்ப்பெருக்கை மட்டும் குறிப்பதன்று. அஃது ஓர் எண்ணின் பெயருமாகும். ஐ, அம், பல் என முடியும் எண்ணுப் பெயர்களைத் தொல்காப்பியம் சுட்ட, உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என அவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தந்தனர். கம்பர் வானரப் படையை எழுபது வெள்ளம் எனக் கணக்கிட்டமை நாம் அறிந்ததே. எண்ணி முடியாத பெருக்கைக் கண்ணாற் கண்டவர்கள், எண்ணிக்கையின் எல்லைக்கும் அப்பெயரையே இட்டனர் போலும்.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது, வெள்ளத்திற்கும் எண்ணுக்கும் உள்ள வேறோர் உறவை. 'நூற்றாண்டு வெள்ளம்' என்று இன்று நாளிதழ்களிலும் அறிவியல் நூல்களிலும் ஒரு தொடர் வழங்குகிறது. அதன் பொருள் யாது? அப்பொருள் பிறழ உணரப்பட்டமையால் விளைந்த கேடு யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண நாம் தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது. வீடு வாங்குதற்கும் கடன் பெறுதற்கும் காப்பீடு செய்தற்கும் இத்தொடரையே அளவுகோலாகக் கொண்டிருக்கும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கும் பெருநகரங்களை விடுத்து, ஏழை மலைக் கவுண்டிகள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். சொல்லின் பிழை எளியவரையே முதலில் தாக்கும் என்பது அங்கே தெளிவாகத் தெரிகிறது.

தொடரின் பொருள்

'நூற்றாண்டு வெள்ளம்' என்றவுடன் நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றே எவரும் பொருள் கொள்வர். கடந்த ஆண்டு வந்துவிட்டது எனில், இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்திற்கு அச்சமில்லை என்றும் எண்ணுவர். பொறியாளர் கருதும் பொருள் இதுவன்று. எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும், அவ்வாண்டில் அத்தகு வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அவர்கள் கூறுவது.

மாணவர்க்கு இதனை விளக்க உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலையை நினைவூட்டலாம். ஒரு குடத்தில் நூறு ஓலைகள் இடப்பட்டுள்ளன; அவற்றுள் ஒன்றில் மட்டும் 'வெள்ளம்' என்று எழுதப்பட்டுள்ளது. ஆண்டுக்கொருமுறை ஓர் ஓலை எடுக்கிறோம். எடுத்ததைப் படித்தபின் மீண்டும் குடத்துள்ளேயே இட்டுக் குலுக்கிவிடுகிறோம். இந்த 'மீண்டும் இடுதல்' என்பதில்தான் செய்தி முழுவதும் அடங்கியுள்ளது. சென்ற ஆண்டு வெள்ள ஓலை வந்தது என்பதற்காக இந்த ஆண்டு அது குடத்தை விட்டு நீங்கியிருப்பதில்லை.

கணக்கும் வியப்பளிப்பதே. முப்பது ஆண்டுத் தவணையில் கடன் பெற்றுக் கட்டிய வீடு, அத்தவணை முடிவதற்குள் ஒருமுறையேனும் இவ்வெள்ளத்தைக் காண்பதற்கு உள்ள வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 26. நான்கில் ஒரு பங்கிற்கும் மேல்! நூறு ஆண்டுகள் முழுதும் காத்திருப்பினும் அது நூற்றுக்கு ஏறத்தாழ 63 தான். கட்டாயம் வந்தே தீரும் என்பதும் இல்லை. எனவே 'நூற்றாண்டு வெள்ளம்' என்பதைக் காட்டிலும் 'நூற்றிலொரு வெள்ளம்' என்பதே பொருளுக்கு நெருங்கிய தமிழாக்கம் என்பது நம் கருத்து. ஆங்கிலத்திலும் இப்பழைய தொடரைக் கைவிட்டு, 'ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்புடைய வெள்ளம்' என்று கூறவே அறிஞர் விரும்புகின்றனர். ஆயினும் பழைய தொடர் மக்கள் நாவை விட்டு அகலவில்லை.

தொல்லை ஓடை

கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதி அப்பலாச்சிய மலைநாடு. அம்மாநிலத்தில் 120 கவுண்டிகள் உள்ளன. கவுண்டி என்பதை மாவட்டம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆயின் அங்குள்ளவை பரப்பில் நம் வட்டத்தையே ஒத்தவை. நாட் கவுண்டியின் மக்கள்தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 14,000. நம் நாட்டில் ஒரு பேரூராட்சிக்கே அத்தனை மக்கள் இருப்பர்.

குறிஞ்சி நிலத்தார்க்கு வெள்ளத் துன்பம் இல்லை என்று நாம் எண்ணுவோம். அங்கு நிலைமை வேறு. மலைகளுக்கிடையே மிகக் குறுகிய பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓடை. ஓடைக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஒரு சாலை, ஒரு வரிசை வீடுகள். சமநிலம் என்று சொல்லத்தக்கது ஓடைக்கரை ஒன்றே. மேலேயுள்ள மலையோ பெரும்பாலும் நிலக்கரி நிறுவனங்கள் கைப்பட்டது. காடும் மேல்மண்ணும் நீக்கி வெட்டிய சரிவுகளில் மழைநீர் தங்குவதில்லை. விழுந்த வேகத்திலேயே இறங்கிவிடுகிறது. தாழ்விடத்தில் ஏன் வீடு கட்டினர் என்று வினவுவோர், வேறு இடம் எங்கே இருந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.

நாட் கவுண்டியின் தலைநகரான ஹிண்ட்மன் வழியாக ஓடி, பெரி, பிரெதிட் கவுண்டிகளைக் கடந்து செல்லும் ஓடை ஒன்றின் பெயர் 'டிரபிள்சம் கிரீக்'. தமிழில் கூறின் 'தொல்லை ஓடை'. இடப்பெயர் ஆய்வில் ஈடுபாடுடையோர் இப்பெயரைச் சற்றே நின்று நோக்குக. அரசு அளவையாளர் வெள்ள வரைபடம் வரைவதற்கு முன்னமே, அவ்விடத்துக் குடியேறிய உழவர் தம் எச்சரிக்கையைப் பெயராக எழுதி வைத்துவிட்டனர்.

2022ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் இரவும் மறுநாள் வைகறையும் அம்மலைநாட்டில் பெருமழை கொட்டியது. உறங்கிக்கொண்டிருந்தோர் விழித்தபோது நீர் வீட்டினுள் இருந்தது. 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; மிகுதியான இழப்பு நாட் கவுண்டியிலேயே நேர்ந்தது. லெச்சர் கவுண்டியின் ஒயிட்ஸ்பர்க் நகரில் கென்டக்கி ஆற்றின் வடகிளை அதற்குமுன் எட்டிய உச்சம் 1957ஆம் ஆண்டின் 14.7 அடி. இம்முறை அது 20 அடியையும் கடந்தது; அளவுகருவியே செயலிழந்தது.

தமிழ்த்துறையினராகிய நமக்கு மற்றொரு செய்தியும் உண்டு. ஹிண்ட்மனில் 1902ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பழைய கல்விச்சாலையில், அந்த வாரந்தான் அப்பலாச்சிய எழுத்தாளர் பயிலரங்கம் நடந்துகொண்டிருந்தது. எழுத வந்தோர் இருளில் மேட்டை நோக்கி ஓட நேர்ந்தது. அச்சாலையின் ஆவணக் காப்பறையில் நீர் புகுந்து நிழற்படங்களும் கையெழுத்துத் தாள்களும் நனைந்தன. ஒயிட்ஸ்பர்க்கில் 1969 முதல் இயங்கும் 'ஆப்பல்ஷாப்' என்னும் கலை நிறுவனத்தின் திரைச்சுருள்களும் ஒலிநாடாக்களும் சேற்றில் தோய்ந்தன. பதினெட்டாம் பெருக்கில் ஏட்டுச்சுவடிகள் ஆற்றில் விடப்பட்ட கதையை உ.வே.சா. வழி அறிந்த நமக்கு இவ்விழப்பின் கனத்தை விளக்க வேண்டுவதில்லை.

அரசே நடத்தும் காப்பீடு

வீடிழந்தோருள் வெள்ளக் காப்பீடு வைத்திருந்தோர் மிகச் சிலரே. இத்தனைக்கும் அந்நாட்டில் அதற்கெனத் தனித்திட்டம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. அது தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1927ஆம் ஆண்டின் மிசிசிப்பிப் பெருவெள்ளத்திற்குப் பின் தனியார் நிறுவனங்கள் வெள்ளக் காப்பீட்டைக் கைகழுவின. காரணம் எளிது. தீ ஒரு வீட்டைப் பற்றும். வெள்ளமோ தெரு முழுவதையும் ஒருசேரக் கொள்ளும். அன்றியும், மேட்டில் இருப்போன் வெள்ளக் காப்பீடு வாங்கான். பள்ளத்தில் இருப்போனே வாங்குவான். நம் ஊர் ஜமாஅத்தின் சந்தாவை எண்ணிப் பார்ப்போம். எல்லா வீட்டாரும் சந்தா செலுத்துவதாலன்றோ, இடர் வந்த சில வீடுகளுக்குக் கைகொடுக்க முடிகிறது? இடர் வரும் என்று முன்னரே அறிந்த வீட்டார் மட்டும் சந்தா செலுத்துவதானால், அப்பெட்டி ஓராண்டில் வெறுமையாகும்.

1956ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நிதி ஒதுக்கப்படாமையால் அது தாளிலேயே நின்றது. 1965ஆம் ஆண்டில் 'பெட்சி' புயல் லூசியானாவைச் சூறையாடிய பின்னர், 1968ஆம் ஆண்டில் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் சட்டமாயிற்று. அதன் உள்ளீடு ஓர் ஒப்பந்தம். வெள்ளம் பாயும் படுகையில் புதிய கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை உள்ளாட்சி ஏற்றுக்கொண்டால், அவ்வூர் மக்கள் காப்பீடு வாங்கலாம். ஊர் ஏற்காவிடின் தனியொருவர் விரும்பினும் வாங்க இயலாது. 1972ஆம் ஆண்டின் 'ஆக்னஸ்' புயலின்போது பத்திரம் வைத்திருந்தோர் மிகக் குறைவு என்று தெரிந்ததும், 1973ஆம் ஆண்டில் கட்டாயம் ஒன்று சேர்க்கப்பட்டது. நூற்றிலொரு வெள்ளம் பாயும் எல்லைக்குள் உள்ள வீட்டுக்கு, அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட வங்கியில் கடன் பெறுவோர் காப்பீடு செய்தே ஆகவேண்டும். குடியிருப்பு வீடாயின் கட்டடத்திற்கு 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் என்பது உச்சவரம்பு. பொதுவாகப் பத்திரம் வாங்கி 30 நாள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும். வானம் கறுத்த பின் ஓடிச்சென்று வாங்குவதில் பயனில்லை.

கடன் இல்லாத ஏழை

மேற்சொன்ன கட்டாயத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தால், மலைக் கவுண்டி எங்கே நழுவிற்று என்பது விளங்கும். கட்டாயம் கடனோடு பிணைக்கப்பட்டது. அம்மலைநாட்டிலோ பல வீடுகள் பாட்டன் வழி வந்தவை. பல, சக்கரத்தின்மேல் கொணர்ந்து நிறுத்திய ஆயத்த வீடுகள், கையிலிருந்த பணத்திற்கு வாங்கியவை. வங்கிக்குக் கடன்படாத வீடு. நம் வழக்கில் இது பெருமைக்குரியது. கடனற்ற வாழ்வைப் போற்றாதார் யார்? ஆயின் 'காப்பீடு செய்க' என்று சொல்வதற்கு அவ்வீட்டாரிடம் எவரும் வரவில்லை. கடன் வாங்கும் வசதி இருந்தவனுக்குச் சட்டம் குடை பிடித்தது. அவ்வசதியும் அற்றவன் நனைந்தான்.

அடுத்தது வரைபடத்தின் கோடு. படத்தில் ஒரு கோடு; கோட்டிற்கு இப்பால் ஆபத்து, அப்பால் இல்லை என்றே மக்கள் கொண்டனர். நீருக்குக் கோடு தெரியாது. சிற்றோடைகள் பல அப்படங்களில் ஏறுவதே இல்லை. மேகம் திரண்டு ஓரிடத்தில் கொட்டித் தேங்கும் நீரையும் அவை கணக்கிற் கொள்வதில்லை. 2015 முதல் 2019 வரை இத்திட்டத்தின்கீழ் வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை, மிகு ஆபத்துப் பகுதி என்று குறிக்கப்பட்ட எல்லைக்கு வெளியிலிருந்து வந்தவையே. 'எல்லைக்கு வெளியே' என்னும் தொடர் 'ஆபத்துக்கு வெளியே' என்று பிழையாகப் படிக்கப்பட்டது.

மூன்றாவது பிழையும் சொல்லைப் பற்றியதே. அமெரிக்காவில் 'வீட்டுடைமையாளர் காப்பீடு' என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் வீட்டுக்கு வரும் எல்லாத் தீங்கிற்கும் அது உதவும் என்று தோன்றும். தீ உண்டு, காற்று உண்டு, களவு உண்டு. வெள்ளம் மட்டும் பொதுவாக அதில் அடங்காது. இழந்த பின்னரே இதனைப் பலர் அறிகின்றனர்.

பெருங்கேடு எனக் குடியரசுத் தலைவர் அறிவித்தால் அரசு உதவாதா என்று கேட்கலாம். உதவும். 2022ஆம் ஆண்டில் வீட்டுக்கென நடுவண் நிறுவனம் ஒரு குடும்பத்திற்கு வழங்கக்கூடிய உச்ச அளவு 37,900 டாலர். அது உச்ச அளவு. பலர் பெற்றது அதனினும் மிகக் குறைவு. வீட்டை மீண்டும் கட்டுதற்கு அது போதுவதன்று.

விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பிரீமியத்தைக் கணக்கிடும் முறை மாற்றப்பட்டது. கோட்டுக்கு உள்ளா வெளியா என்று பாராமல், ஒவ்வொரு வீடும் நீரிலிருந்து எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம், மீண்டும் கட்ட எவ்வளவு செலவாகும் என்று பார்த்து விலை குறிக்கின்றனர். கோட்டின் மயக்கத்திலிருந்து விடுபட்டமையால் இஃது அறிவியலுக்கு நெருங்கியது. ஆயின் உண்மை விலை பலருக்குக் கூடுதல் விலையாயிற்று. பழைய வீட்டுக்காரர் பெரும்பாலோர்க்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18க்கு மேல் ஏற்றலாகாது என்னும் வரம்பும் அவ்வேற்றத்தைப் பல ஆண்டுகளுக்குப் பரப்புகிறதேயன்றி நீக்குவதில்லை. விலையைக் குறைத்துக் காட்டினால் ஆபத்து மறைக்கப்படும். கூட்டிக் காட்டினால் ஏழை வாங்காது போவான். விலை உண்மையைச் சொல்லட்டும், செலுத்த இயலாதார்க்கு உதவி வேறாகச் சென்று சேரட்டும் என்பதே நமக்குச் சரியெனப் படுகிறது. திட்டத்தின் பெட்டியோ ஏற்கெனவே மெலிந்தது. 2005ஆம் ஆண்டின் கத்ரீனா, 2012ஆம் ஆண்டின் சாண்டி, 2017ஆம் ஆண்டின் ஹார்வி ஆகிய புயல்களால் அது பெருங்கடனில் வீழ்ந்தது. 2017ஆம் ஆண்டில் 1,600 கோடி டாலர் கடனை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

காப்பீடு பணம் தரும். வீட்டை மேட்டுக்கு நகர்த்தாது. இதனை உணர்ந்தே கென்டக்கி மாநில அரசு, முன்னர்ச் சுரங்கம் வெட்டிச் சமமாக்கிய மலைமுகடுகளில் புதிய குடியிருப்புகளை அமைக்க முற்பட்டது. நாட் கவுண்டியின் 'செஸ்ட்நட் ரிட்ஜ்' அவற்றுள் ஒன்று. கேட்டிற்குத் துணைபோன சுரங்கமே புகலிடமும் தருகின்றமை ஊழின் விளையாட்டு.

நம் பக்கம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் மழை பெய்தது. அவ்வட்டாரம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையினும் இது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டு ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் நீரில் நின்றன; தொடர்வண்டி ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. அப்போதும், 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தின்போதும், 'நூறாண்டு காணாத' என்னும் அடைமொழியையே நாமெல்லாரும் வழங்கினோம். காணாதது என்பது கடந்த காலத்தைப் பற்றிய கூற்று. வாராது என்பது எதிர்காலத்தைப் பற்றியது. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவிவிடுதல் நம்மிடமும் உண்டு.

அமெரிக்காவின் வெள்ள வரைபடம் போன்றதொன்று நம் பழைய நிலப்பதிவேட்டிலும் ஒருவகையில் இருந்தது என்றே கூறலாம். ஆற்றுப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்னும் வகைப்பாடுகள் நீருக்குரிய இடத்தை நீருக்கென்றே ஒதுக்கின. இன்று 'புறம்போக்கு' ஒரு வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது. அவ்விடங்கள் பலவும் மனைகளாக மாறிவிட்டன.

நம் நாட்டில் வீட்டுக்கென அரசு நடத்தும் வெள்ளக் காப்பீடு இல்லை. ஆயினும் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 'பாரத் கிரக ரக்ஷா' என்னும் பொதுவடிவப் பத்திரத்தைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்குகின்றன. தீயோடு புயல், வெள்ளம், நீர்த்தேக்கம் ஆகியவற்றின் இழப்பும் அதில் அடங்கும். அமெரிக்க நிலைக்கு இது நேர்மாறு. அங்கே பெயர் விரிந்தது, பொருள் சுருங்கியது. வீட்டுக் காப்பீடு எனப்படினும் வெள்ளம் இல்லை. இங்கே பெயர் சுருங்கியது, பொருள் விரிந்தது. தீக்காப்பீட்டு வகையைச் சேர்ந்ததாயினும் வெள்ளமும் உண்டு. 'நம் வீட்டில் தீயா பற்றப்போகிறது?' என்று அதனை ஒதுக்குவோர் உளர். வீட்டுக்கடன் பெற்றோர் பலரின் பத்திரம் வங்கிக் கோப்பில் உறங்குகிறது. அதில் என்ன எழுதியுள்ளது என்று வீட்டார் பார்த்ததில்லை. வெள்ளம் வடிந்தபின் சுவரின் நீர்க்கறையைப் படமெடுத்துக் காலந்தாழ்த்தாது நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அவர்களுள் பலர்க்குத் தெரியாது.

காப்பீடு மார்க்கத்திற்கு இயைந்ததா என்னும் ஐயம் நம் பெரியோர் பலரிடம் உண்டு. 1985ஆம் ஆண்டில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அவை, வணிகக் காப்பீட்டை ஏற்காது, ஒருவர்க்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. மலேசியா முதலிய நாடுகளில் 'தகாஃபுல்' எனும் பெயரில் அது வளர்ந்துள்ளது. இதற்குமேல் கூறுதல் உலமாக்களின் உரிமை. தமிழாசிரியரின் எல்லை அன்று. வெள்ளத்திற்கு மட்டுமான கூட்டு, பள்ளத்து வீடுகளை மட்டும் கொண்டதாயின் நில்லாது. மேட்டு வீட்டாரும் அதில் சேர்தல் வேண்டும் என்பதை மட்டும் மேலே கண்ட வரலாறு கொண்டு சொல்லலாம்.

எம் துறை மாணவர் தொகுத்துவரும் கலைச்சொல் பட்டியலில், ஆறு பெருகும்போது நீர் பரவும் கரைநிலத்திற்கு 'வெள்ளச் சமவெளி' என்று எழுதியிருந்தனர். காவிரிக்கரை உழவர் வழங்கும் 'படுகை' என்னும் சொல்லை அதற்கு முன்னால் இடுமாறு கூறியுள்ளோம். 'நூற்றாண்டு வெள்ளம்' என்றிருந்த பதிவை அடித்து, 'நூற்றிலொரு வெள்ளம்' என்று எழுதி, அதன் பக்கத்தில் 'ஒவ்வோர் ஆண்டும்' என்னும் இரு சொற்களையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்.